வாத்தியார் வண்டி

"தொண்ணூறுக்கு மேலதான் இருக்கும் மேகலா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. முதல் நாளே யோசித்து வைத்திருந்த பொய் இல்லை, இருமல் வருவது மாதிரி வந்துவிட்டது. அவள் கேட்டதும் சாதாரணமாகத்தான் கேட்டாள். வாசலில் நின்ற வண்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்போனைப் பிடித்து, அதில் எழுதி வைத்திருந்த லிஸ்ட்டைப் பார்த்து, "பேட்டரி ஹெல்த் எவ்வளவு இருக்கும்னு மொதல்ல கேக்கச் சொல்லிப் போட்டிருக்குதுங் சார். புதுசுல நூறுன்னா இப்ப எத்தனை தாங்குதுன்னு" என்றாள். பழைய எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய கோளாறுகள் என்று எங்கேயோ படித்து வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது ரெக்கார்டு நோட்டு எழுதிய அதே சுத்தம். முதல் கேள்விக்கு நேரே ஒரு டிக் போட்டாள். யோசிக்கவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சார் சொன்னால் சரி என்று போட்டுவிட்டாள். அறுபத்து மூன்று. உண்மையில் அறுபத்து மூன்று. போன மாசம் கோயமுத்தூர் சர்வீஸ் சென்டரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள், அந்தக் காகிதத்தை நான்காக மடித்து வேதியியல் அகராதிக்குள் வைத்திருக்கிறேன். மரகதத்துக்குக்கூடத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் சம்சாரம் பண்ணுகிறவளிடம் "வயசாயிருச்சு, ரிடையர்டும் ஆயாச்சு, நமக்கெதுக்கு காரு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் அதை நம்பி, நேற்றைக்கு வண்டிக்குள்ளே துடைத்துக்கூடக் கொடுத்தாள்.

நம்புகிறவர்கள் என்னைச் சுற்றி அதிகமாகிவிட்டார்கள். அதுதான் கஷ்டம். புரோக்கர் விளம்பரத்திலேயே போட்டுவிட்டான்: வாத்தியார் வண்டி, சிங்கிள் ஓனர். பொள்ளாச்சிப் பக்கம் இந்த இரண்டு வார்த்தைக்குப் பெரிய மரியாதை. டாக்டர் வண்டி என்றால் ஓடியிருக்காது, வாத்தியார் வண்டி என்றால் அடிபட்டிருக்காது என்று ஒரு கணக்கு. வாத்தியார் மெதுவாக ஓட்டுவார், மணி அடித்தால் வீடு திரும்புவார், ரசீதையெல்லாம் ஃபைல் போட்டு வைப்பார். எல்லாம் உண்மைதான். ஃபைல் இருக்கிறது, அதில் அந்த ஒரு காகிதம் மட்டும் இல்லை. இன்னொன்றும் செய்திருக்கிறேன், அதை நினைத்தால் காது மடல் சுடுகிறது. இந்த வண்டியில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று முன்னால் ஒரு எண் தெரியும். அது கடைசியாக நாம் ஓட்டிய விதத்தைப் பார்த்துப் போடுகிற மதிப்பீடு. மெதுவாக ஓட்டியிருந்தால் தாராளமாகக் காட்டும், விரட்டியிருந்தால் குறைத்துக் காட்டும். முந்தாநாளும் நேற்றும் நான் ஏசி போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, முப்பதுக்கு மேல் போகாமல் உடுமலை ரோட்டில் வேர்த்து விறுவிறுத்து ஓட்டினேன். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான். இன்று காலையில் முழு சார்ஜ் ஏற்றியதும் எண் இருநூற்று அறுபத்திரண்டு என்று நின்றது. அறுபது வயதில் காப்பி அடித்துப் பாஸ் பண்ணியிருக்கிறேன். பரீட்சை ஹாலில் எத்தனை பையன்களின் சட்டைக் கைக்குள்ளிருந்து பிட்டு எடுத்திருப்பேன்.

மேகலா குனிந்து டயரைப் பார்க்கிறாள். உள் ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுகிறாள். "எலெக்ட்ரிக் வண்டி வெயிட்டு ஜாஸ்தியாமுங் சார், டயர் சீக்கிரம் போயிருமாம்" என்கிறாள். டயர் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், போன வருஷம் மாற்றியது. "நல்லாப் பாரு, நல்லாப் பாரு" என்று குரலை உயர்த்துகிறேன். நன்றாக இருக்கிற இடத்தில் எனக்கு எவ்வளவு தைரியம் வந்துவிடுகிறது பாருங்கள். பிரேக் டிஸ்க் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறாள். காலை எடுத்தாலே இந்த வண்டி தானாக வேகம் குறைந்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை கம்மி, வேலை இல்லாமலே துருவேறும் என்பதை அவளுக்கு விளக்கினேன். நானேதான் விளக்கினேன், வகுப்பு எடுக்கிற குரலில், இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவள் "ஓ, அப்படிங்களா சார்" என்று கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் துரு இருந்தது, அதை நானே காட்டிக்கொடுத்தேன். சின்னக் குறையைக் காட்டிக்கொடுத்தால் பெரிய குறை இல்லை என்று நம்பிவிடுவார்கள், இதை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. இத்தனை நாள் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. பிறகு துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் கை ஊன்றி வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள், பேட்டரி இருக்கிற அடித்தகட்டில் கல் அடித்த பள்ளம் ஏதாவது இருக்கிறதா என்று. சார்ஜ் போடும் துளையின் மூடியைத் திறந்து, பின்கள் கருகியிருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தாள். நர்ஸ் இல்லையா, நோயாளியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற அதே கவனம். "அழகா வெச்சிருக்கீங் சார்" என்றாள். இத்தனை நேரம் அவள் டிக் போட்டதெல்லாம் உண்மையான டிக், முதலாவதைத் தவிர.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரலாமுங்களா?" அவள்தான் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மகாலிங்கபுரம் ரவுண்டானாவைத் தாண்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி வெயில் கண்ணாடி வழியாக முழங்காலில் அடிக்கிறது. அவள் ஏசியைப் போட்டாள். போடத்தான் செய்வாள். ஏசி குளிர்கிறதா என்று பார்ப்பதும் லிஸ்ட்டில் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் வெயிலுக்கு மனுஷர்கள் ஏசி போடுவார்கள், என்னைப் போல் எண்ணுக்காக வேர்வையில் குளிப்பவர்கள் உண்டா. இருநூற்று அறுபத்திரண்டு சட்டென்று இருநூற்று நாற்பத்தெட்டு ஆனது. நான் வெளியே பார்த்தேன். "இது கொஞ்சம் முன்னப்பின்னக் காட்டும்" என்றேன், அவள் ஒன்றுமே கேட்காதபோது. "பரவாயில்லீங் சார்." அவள் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டுகிறாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ் அவள், ஒரு அறக்கட்டளையில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கேன்சர் முற்றியவர்கள், ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பப்பட்டவர்கள். ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, வாரத்தில் இரண்டு நாள் மலைமேல் அட்டகட்டி. இதுவரை ஸ்கூட்டியில்தான். "மழை வந்தா மருந்துப் பொட்டி நனையுதுங் சார். அதுமில்லாம அட்டகட்டி ஏறுறதுக்குள்ள இடுப்பு போயிருது. ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது கிலோமீட்டர் வருமுங். இந்த வண்டி போதுமுங்கள்ல சார்?" நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், ரோட்டுக் குழியில் வண்டி குலுங்கியது என்றும் வைத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஆட்டினேன். அட்டகட்டியில் ஒரு பெரியவர் இருக்கிறாராம், எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், தாடையில் கட்டி. இவள் கொண்டுபோகிற வலி மருந்து ஒரு மணி நேரம் தாமதமானால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாராம். "சத்தமே போட மாட்டாருங் சார். நா போறப்ப தலகாணி ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கும்." இருநூற்று முப்பத்தாறு.

இல்லை, போதாது. எனக்குத் தெரியும். இந்த வண்டி நூற்று நாற்பது போகும், சமவெளியில். ஏசி இல்லாமல் என்னைப் போல் ஊர்ந்தால் அதற்கு மேலும் போகும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும், மரகதத்தின் தம்பி வீட்டு விசேஷத்துக்கு வால்பாறை போனபோது பாதி மலையில், சார்ஜ் தீரப்போகிறது என்று காட்டுகிற ஆமைப் படம் போட்ட விளக்கு எரிந்து வண்டி நகர மாட்டேன் என்றது. குரங்குகள் வந்து பானெட் மேல் உட்கார்ந்துகொண்டன. மரகதம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் யார் தப்பு என்று அப்போதே உள்ளுக்குள் ஒரு சந்தேகம். நான் முப்பது வருஷம் மின்வேதியியல் பாடம் எடுத்தவன். பேட்டரியை முழுசாக இறக்கிவிட்டு முழுசாக ஏற்று, அரைகுறையில் ஏற்றினால் அது அந்த அரைகுறையையே பழகிக்கொள்ளும், இது என் பொன்மொழி. கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். ஒரு காலத்தில், வேறொரு வகை பேட்டரிக்கு, அது சரிதான். வண்டி வாங்கிய அன்றைக்கு அதோடு வந்த தடிப் புத்தகத்தை நான் பிரிக்கவே இல்லை. மின்கலத்தைப் பற்றி எனக்கு ஒரு கம்பெனிக்காரன் எழுதித் தர வேண்டுமா? ஐந்து வருஷம், ஒவ்வொரு தடவையும் அடி மட்டம் வரை இறக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் இரண்டு நாள் அப்படியே நிறுத்தி வைப்பேன், நன்றாகக் காயட்டும் என்று. பிறகு நூறு வரை ஏற்றி, பள்ளிக்கூட மைதானத்தில் உச்சி வெயிலில் நிறுத்துவேன். சர்வீஸ் சென்டரில் இருந்த அந்த இன்ஜினீயர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், நூத்தி எண்பத்தாறு தடவ ஜீரோ வரைக்கும் எறக்கியிருக்கீங்க. ஆராச்சும் இப்படிப் பண்ணச் சொன்னாங்களா?" என்று கேட்டார். மேனுவலில் முதல் பக்கத்திலேயே கூடாது என்று இருக்கிறதாம், அதனால் வாரண்டியும் கிடையாதாம். "நீங்க என்ன வேல சார் பாக்கறீங்க?" என்றார் சும்மா பேச்சுக்கு. விவசாயம் என்று சொன்னேன். அதுவும் பொய். அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அம்பராம்பாளையம் பாலத்துக்கு முன்னால் ஒரு புளியமர நிழலில் ஓரங்கட்டினாள். ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் போகிறது. "ஒரு நிமிசமுங் சார்" என்று கைப்பையைத் துழாவித் தீப்பெட்டி அளவுக்குக் கருப்பாக ஒன்றை எடுத்தாள். "எங்க ஆபீசு டிரைவரண்ணன் குடுத்துவுட்டாருங். இதைச் சொருகிப் பாக்காம எந்த எலெக்ட்ரிக் வண்டியும் வாங்கக் கூடாதுன்னுட்டாரு. உங்க வண்டிக்கெல்லாம் வேண்டாம்னுதா நெனச்சேன், அண்ணன் கேட்டா என்ன சொல்றதுன்னு…" ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து சொருகினாள். அது பச்சையாகக் கண் சிமிட்டியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வண்டி தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருப்பதையெல்லாம் அந்தப் பெட்டி படித்து அவள் போனுக்குச் சொல்லிவிடும். கையைப் பிடித்துத் தடுக்க முடியுமா? தண்ணீர் தாகம் எடுக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல முடியுமா? இந்த வினாடியில்கூட, "மேகலா, நான் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கலாம். போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஏழெட்டு வினாடி எனக்கென்றே கொடுத்த மாதிரி இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டாஷ்போர்டில் இருந்த தூசியை விரலால் வழித்தேன். தூசியே இல்லை, மரகதம் நேற்றுத்தான் துடைத்திருந்தாள். வட்டம் நின்றது. அறுபத்து மூன்று புள்ளி நான்கு. என் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், ஆரஞ்சு நிறத்தில்.

அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரிந்ததா என்பதுதான் தெரியவில்லை, ஏனென்றால் அவள் திரும்பவே இல்லை. கத்துவாள், அல்லது "என்னங் சார் இது" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். குனிந்து அந்தப் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டு, பையின் ஜிப்பை முழுசாக இழுத்து மூடினாள். ஆற்றைப் பார்த்தாள். பிறகு, "வைப்பர் வேலை செய்யுதுங்களா சார்?" என்று கேட்டாள். வைப்பரைப் போட்டாள். மழையில்லாத கண்ணாடியில் அது கரகரவென்று இழுத்துக்கொண்டு போய்வந்தது. "நல்லா ஓடுதுங்" என்றாள். இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தாள், ஹாரன் அடித்துப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கினாள். வாங்கப்போவதில்லை என்று முடிவான வண்டியின் ஜன்னலை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள், எனக்காக. என் பொய்யை அவள் கண்டுபிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வதற்காக. நான்காவது ஜன்னல் ஏறும்போது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தையில்தான் வந்து நிற்கிறது.

அவள் பிளஸ் டூ பி செக்‌ஷன், ஜன்னலோர மூன்றாவது பெஞ்சு. அன்றைக்கும் இதே பாடம்தான். முழுசாக இறக்கு, முழுசாக ஏற்று என்று எழுதி அடிக்கோடு போட்டுத் திரும்புகிறேன், இவள் எழுந்து நிற்கிறாள். "சார், எங்க மாமன் செல்போன் கடை வெச்சிருக்காருங். இப்ப வார பேட்டரிக்கு அப்படிப் பண்ணக் கூடாதாமுங். பண்ணுனா செத்துப்போயிருமாம்." தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அந்த முகத்தில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் பின் பெஞ்சில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான், அது போதும் எனக்கு. "அப்படியா, நாளைக்கு உங்க மாமனை வந்து கிளாஸ் எடுக்கச் சொல்லு. நான் போய் அவரு கடையில ஸ்க்ரீன் கார்டு ஒட்டறேன்." வகுப்பே விழுந்து சிரித்தது. "அதுவரைக்கும் நீ வெளிய நில்லு." நின்றாள். பாடவேளை முழுக்க வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில், புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, உள்ளே நான் சொல்வதைக் கேட்டுக் குறிப்பு எழுத முயன்றபடி. நான் அவளை மறந்து பாடத்தை முடித்தேன். வீட்டுக்குப் போய் ஒரு புத்தகத்தையாவது புரட்டிப் பார்த்தேனா? அந்தப் பெண் சொன்னதில் ஏதாவது இருக்குமா என்று ஸ்டாஃப் ரூமில் இயற்பியல் வாத்தியாரிடமாவது கேட்டேனா? இல்லை. கேட்டிருந்தால், இத்தனை வருஷம் கழித்து ஒரு வண்டி உயிரோடு இருந்திருக்கும். செல்போன் கடைக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பதை ஒரு வகுப்புக்கு முன்னால் ஒத்துக்கொள்ள முடியாதவன், இன்றைக்கு ஒரே ஒரு ஆளுக்கு முன்னால், அதுவும் அவளுக்கு முன்னால், எப்படி ஒத்துக்கொள்வேன்? அறுபத்து மூன்று என்று சொன்னால் அடுத்த கேள்வி, எப்படிங் சார் இப்படி ஆச்சு. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தொண்ணூறு. பணத்துக்காக என்றால் யாராவது மன்னித்தாவது விடுவார்கள்.

வண்டி திரும்பிவிட்டது. இந்த வண்டிக்குச் சத்தம் வேறு கிடையாது, அதனால் பேசாமல் இருப்பது நன்றாகக் கேட்கிறது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் கியரையாவது திட்டிக்கொண்டு வரலாம். அவள்தான் பேசினாள். "உங்ககிட்டப் படிச்சதாலதாங் சார் நர்சிங்ல எனக்குக் கெமிஸ்ட்ரி பயமே இல்லாமப் போச்சு. எங்க பிரண்ட்சுகிட்டயெல்லாம் சொல்லுவேன்." வராந்தா அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருந்துகொண்டே இப்படிச் சொல்கிறாளா, அல்லது நிஜமாகவே மறந்துவிட்டாளா? ஓரக்கண்ணால் பார்த்தேன், ரோட்டையே பார்த்து ஓட்டுகிறாள், நோயாளியிடம் பேசும்போது இப்படித்தான் குரலை வைத்துக்கொள்வாள் போலிருக்கிறது, தாழ்த்தி, அவசரமில்லாமல். அந்த வேகத்தடை வந்ததும் சொல்லிவிடலாம். வேகத்தடை வந்தது, டமால் என்று சத்தம் வராமல் ஏறி இறங்கியது, "சஸ்பென்சனும் நல்லாருக்குதுங்" என்றாள், போய்விட்டது. சரி, அந்தத் தென்னந்தோப்பு முடிகிற இடத்தில். தோப்பு முடிந்தது. இன்னொரு தோப்பு ஆரம்பித்தது, இந்தப் பக்கத்தில் தோப்புக்குப் பஞ்சமா. எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் சிக்கல். "மேகலா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால் தப்பிக்கவே முடியாது, ஆகவே அந்த மூன்று வார்த்தையை மட்டும் சொல்லிவிட வேண்டும், மிச்சம் தானாக வந்துவிடும். "மேகலா" என்றேன். "சொல்லுங் சார்." அவள் சட்டென்று திரும்பினாள். அந்த முகத்தில் ஒரு ஆவல் இருந்தது, சார் சொல்லிவிடப் போகிறார் என்கிற ஆவல். எவ்வளவு சீக்கிரம் மன்னிக்கத் தயாராக இருந்தாள். "முன்னாடி லாரி" என்றேன். லாரி எங்கேயோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. "பாத்துட்டேனுங்" என்று திரும்பிக்கொண்டாள். முன்னால் எண் நூற்று எழுபத்தொன்று என்று காட்டியது. அதைப் பார்க்கக் கூடாது என்று இருவருமே கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டு வாசலில் மரகதம் மோரோடு நிற்கிறாள். "வா அம்மணி, வெயில்ல போயிட்டு வந்தீங்க, குடி. எப்பிடி இருக்குது வண்டி? சார் கொழந்தையாட்டம் வெச்சிருந்தாரு, ஒரு நாள் விடாமத் தொடைப்பாரு." மேகலா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "வண்டியெல்லாம் நல்லா இருக்குதுங் அக்கா" என்றாள். குடித்து முடிக்கும்வரை டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மரகதம் டம்ளரோடு உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, "சார், வண்டியில ஒரு குறையுமில்லீங். எங்கூட்டுக்காரருதான், வாங்குனா நீலக் கலருதான் வாங்கோணும்னு ஒத்தக்காலுல நிக்கிறாருங். வெள்ளைன்னா ஆம்புலன்சு மாதிரி இருக்குமாம். நா எதுக்கும் கேட்டுப் பாக்கறேன், ஒத்துக்குவாரான்னு தெரியலீங்" என்றாள். படபடவென்று, ஒப்பித்த மாதிரி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சொல்கிற பொய். வண்டி வெள்ளை என்பது விளம்பரத்திலேயே இருந்தது, போட்டோவோடு. எனக்கு வந்திருக்க வேண்டிய வேர்வை அவள் மேலுதட்டில் இருந்தது. இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு எத்தனை தடவை கதவைத் திறந்துவிடுவார்கள்? நான் சொன்னேன்: "ஆமாமா, அதுவும் சரிதான். வெள்ளை சீக்கிரம் அழுக்காயிரும்." சொன்னதோடு விட்டேனா, சிரிக்கவும் செய்தேன். அவளும் சிரிக்க முயன்றாள். கேட்டுக்கு வெளியே போய் ஸ்கூட்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் வாரைச் சரி செய்வது போல நின்றாள். நான் கேட்டைச் சாத்தக் கையை வைத்தேன். "சார்" என்றாள். தலையைத் தூக்கவில்லை. காதுவரை சிவந்திருந்தது, தப்புப் பண்ணி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "வேற ஆராச்சும் வண்டி பாக்க வந்தாங்கன்னா… அவுங்ககிட்ட மட்டும் சொல்லிப்போடுங் சார்." எதை என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "சரிங்க" என்றேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள். தெரு முனையில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். மரகதம் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "என்னங்க, போயிருச்சா? என்ன சொல்லுச்சு, எடுத்துக்குதாமா?" வண்டியைப் பார்த்தேன், நேற்று அவள் தேய்த்துத் துடைத்த கண்ணாடி வெயிலில் பளபளவென்று இருந்தது.

"கலர் பிடிக்கலையாம்" என்றேன்.